நம் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் பங்கும்

(ஜூபிலி ஆண்டையொட்டி நம் பங்கு மன்றத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி ஆண்டில் கோயிலுக்கு வெள்ளை அடித்தோம், கொடிமரத்தைப் புதுப்பித்தோம், மணிக்கூண்டைப் பழுது பார்த்தோம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் கட்டடத்தைப் பார்த்த அளவுக்கு நம் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தோமா என்ற கேள்வி சில நாட்களாக என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. அதை உறுத்த வைத்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் மகனுடைய அறிவியல் விடைத்தாள். “சாமி, பெரியவ படிச்சப்போ பாடத்தைத் தமிழ்ல ஒப்பிப்பா. நான் புஸ்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு சரி பார்ப்பேன். சின்னவனுக்கு எல்லாம் இங்கிலீஷு. கேள்வியும் புஸ்தகத்துல இருக்கிற மாதிரி வரலையாம். இப்ப நான் எதைப் பிடிச்சுக்கிட்டு உக்காரது?” என்று கேட்டார். அன்று நின்றபடியே ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அது போதாது என்று எனக்கே தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டிய முழு மறுமொழியைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில், என்ன மாறியது என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம்.

நம் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்கெனத் தனியாக ஒரு தேர்வு வாரியம் இருந்ததில்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தின் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரத்தின் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன. தொடக்க வகுப்புகளில் முன்னரே படிப்படியாக நுழைந்த மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டம், அதாவது நாம் சி.பி.எஸ்.இ. என்று சொல்வது, 2023-24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் ஒன்பது வகுப்புகளுக்கும் பதினோராம் வகுப்புக்கும் வந்தது. 2025-ஆம் ஆண்டில் நம் அரசுப் பள்ளி மாணவர்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுகளை அந்த முறையில் எழுதினார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகள் பலவற்றிலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் தொடர்ந்தது. ஆகவே நம் பங்கிலேயே அக்காள் ஒரு முறையில் தேர்வு எழுதியிருக்க, தம்பி வேறொரு முறையில் படிக்கும் வீடுகள் உண்டு.

இதைக் கண்டு உலகமே புரண்டுவிட்டதாக அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஊர் அளவுகோல் மாறுவதைப் பலமுறை கண்ட ஊர். நம் பாட்டனார் காலத்தில் ‘செர்த்திபிகா’, ‘பிரவே’ என்று பிரெஞ்சுத் தேர்வுகள். 1954 நவம்பர் முதல் நாளுக்குப் பிறகு பிள்ளைகள் எஸ்.எஸ்.எல்.சி. பக்கம் திரும்பினார்கள். லிசே பிரான்சேயில் படிப்பவர்களுக்கு இன்றும் ‘பாக்கலோரேயா’. பின்னர் சமச்சீர் கல்வி வந்தது. மாநில வாரியம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்ததை ஒன்றாக்கத் தமிழ்நாட்டில் 2010-ல் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டு 9 அன்று தீர்ப்பான பிறகுதான் பாடநூல்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் பெற்றோர் பயந்தார்கள். ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் படித்துத் தேறினார்கள். தேறாமல் நின்றவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இன்று பேச வந்தேன்.

பொதுவான ஓர் அளவு வேண்டியதுதானா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதுதான். பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறீர்கள். எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருந்தால்தான் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே ஒரு கிலோ கிடைக்கும். கடைக்கு ஒரு கல் என்று இருந்தால் ஏமாறுகிறவர் ஏழைதான். பள்ளிக்கூடத்திலும் அப்படியே. சோலை நகர் மீனவர் மகனும், நகரத்தின் பெரிய வணிகர் மகளும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள் என்பது சிறிய காரியமல்ல. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தராசு அரிசியை நிறுக்குமே தவிர அரிசியை விளைவிக்காது. விளைவிப்பது வயலும் தண்ணீரும் உழவனின் உழைப்பும். பள்ளிக்கூடம் ஒரு வயல் என்றால், வீடு மற்றொரு வயல்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோர்களே என்று கூறுகிறது. படித்த பெற்றோர் என்று அங்கே தனியாகச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத தாய்க்கும் அந்தப் பொறுப்பும் உரிமையும் உண்டு.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதே, நான் எப்படிச் சொல்லித் தருவேன்?” என்று நீங்கள் கேட்பீர்கள். என் சொந்த அனுபவத்தைச் சொல்லுகிறேன். நான் கிராமத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் குருமடம் போனபோது தத்துவப் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. முதல் ஆண்டு முழுவதும் பாதி புரியாமல் விழித்தேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் என் தாயார் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, “அங்க என்னடா படிக்கிற? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு” என்பார். அவர் பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காதவர். அரிஸ்டாட்டிலைப் பற்றி அவருக்குப் புரியும்படி சொல்ல முயன்றபோதுதான் எனக்கே எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்று தெரிந்தது. “நீ சொல்றது முன்னுக்குப் பின் முரணா இருக்கே” என்று ஒருநாள் சொல்லிவிட்டார். குருமடத்துக்குத் திரும்பிப் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். முரண் என்னிடத்தில்தான் இருந்தது.

அன்புக்குரியவர்களே, அந்த விடைத்தாளோடு வந்த தாய்க்கு நான் சொல்லும் முதல் மறுமொழி இதுதான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். “இன்னைக்கு என்ன படிச்சே? எனக்குத் தமிழ்ல சொல்லு” என்று கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்டு, “ஏன் அப்படி?” என்று ஒரு கேள்வி போடுங்கள். அவன் தடுமாறினால் திட்டாதீர்கள். “நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுக்கிட்டு வந்து சொல்லு” என்று அனுப்புங்கள். கோயிலில் காணாமற்போன சிறுவன் இயேசுவை மூன்றாம் நாள் கண்டுபிடித்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? போதகர்கள் நடுவே உட்கார்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். நம் வீட்டில் பிள்ளை இரண்டு கேள்வி கேட்டால் “வாயாடாதே” என்கிறோம்!

இந்தப் புதிய முறையில் இது இன்னும் தேவைப்படுகிறது. ஏனென்றால் வினாக்களின் போக்கு மாறியிருக்கிறது. 2024-25 முதல் சி.பி.எஸ்.இ. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வினாத்தாளில் பாதியளவு, படித்ததை வாழ்க்கையில் பொருத்திப் பார்க்கும் திறனைச் சோதிப்பதாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. “ஒளிவிலகல் என்றால் என்ன?” என்று கேட்டால் மனப்பாடம் செய்த வரியை எழுதிவிடலாம். “தண்ணீர்த் தொட்டியின் அடியில் கிடக்கும் காசு ஏன் சற்று மேலே இருப்பது போலத் தெரிகிறது?” என்று கேட்டால், தொட்டியை ஒருநாளாவது எட்டிப் பார்த்தவன்தான் துணிந்து எழுதுவான்.

இங்கேதான் பெற்றோர்களாகிய உங்களிடம் ஆசிரியர்களிடம் இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. வைத்திக்குப்பத்துத் தாய்க்குக் கருவாடு போடத் தெரியும். உப்பு மீனிலுள்ள நீரை வெளியே இழுக்கிறது, நீர் குறைந்தால் கிருமி பெருக முடியாது. இது அறிவியல் பாடமே. மளிகைக் கடை வைத்திருக்கும் தந்தைக்கு லாப விழுக்காடு விரல் நுனியில் இருக்கிறது. மின்சாரக் கட்டணச் சீட்டை எடுத்து, “எத்தனை யூனிட் ஓடியிருக்கு, எந்தப் படிக்கு என்ன விலை போட்டிருக்கான், கூட்டிப் பார்” என்று மகளிடம் கொடுங்கள். அது கணக்குப் பாடம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்தபோது எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க மாட்டோம். வானொலியில் இத்தனை சென்டிமீட்டர் மழை என்று சொன்னார்கள். அதற்கு என்ன பொருள் என்று நம் பிள்ளைகளைக் கேட்டோமா? ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு சென்டிமீட்டர் மழை நின்றால் அது 10 லிட்டர் தண்ணீர். முப்பது சதுர மீட்டர் மொட்டை மாடியில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் 3000 லிட்டர். பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள். பாடம் மனதில் தங்கும். மழைநீர் ஏன் வீட்டுக்குள் வந்தது என்றும் புரியும்.

இரண்டாவது, தாய்மொழி. ஆங்கிலத்தில் பாடம் என்றவுடன் சில பெற்றோர் வீட்டிலும் அரைகுறை ஆங்கிலம் பேசத் தொடங்கிவிட்டார்கள். அதனால் பிள்ளைக்கு இரண்டு மொழியும் உறுதிப்படாமல் போகிறது. வீட்டில் நல்ல தமிழ் பேசுங்கள். தமிழில் பொருள் தெளிந்தவனுக்கு ஆங்கிலச் சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். பொருளே தெரியாதவனுக்கு எந்த மொழிச் சொல்லும் வெறும் ஓசைதான். பாவேந்தர் பாரதிதாசன் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் தமிழாசிரியராகப் பணிபுரிந்த ஊர் இது என்பதை நினைவில் வையுங்கள். சின்னஞ்சிறு பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒரு குழந்தை பொருள் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் தெரிந்திருக்க வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு ஒரு திட்டம் வகுத்தது. அதை வீட்டிலேயே சோதிக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அறிமுகமில்லாத ஒரு சிறு கதையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கதை என்ன என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் பத்தாம் வகுப்பு வரை காத்திராதீர்கள். மறுநாளே ஆசிரியரைப் பாருங்கள். அடிச்சுவர் ஈரமாயிருக்கும்போதே சரி செய்யலாம்.

மூன்றாவது, பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புவது. இதைச் சொன்னால் என்னையே நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகஸ்டு கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகிறோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எட்டு நாள், பத்து நாள் பள்ளியை விடுகிறோம். உறவினர் திருமணம், காதுகுத்து, புதுநன்மை, ஊர்த் திருவிழா என்று மேலும் சில நாட்கள் போகின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்கள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. அதில் நாமாக இருபது முப்பது நாட்களைக் கிள்ளி எடுத்தால் மிச்சம் என்ன? பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் 80 மதிப்பெண்தான் பொதுத் தேர்வுக்கு. மீதி 20 பள்ளியிலேயே, ஆண்டு முழுவதும் நடக்கும் சிறு தேர்வுகளுக்கும் செய்முறைகளுக்கும் ஒப்படைப்புகளுக்கும் கிடைப்பவை. இரண்டையும் சேர்த்து 33 எடுத்தால் தேர்ச்சி. ஆகவே பள்ளிக்கு ஒழுங்காகப் போய்ச் சொன்ன வேலையைச் செய்கிற பிள்ளை, தேர்வு அறைக்குள் நுழையும் முன்பே பாதி ஆற்றைக் கடந்துவிடுகிறது. வருகை 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும். மாதாவிடம் வேண்டுதல் இருந்தால் பெரியவர்கள் நடந்து போங்கள். பிள்ளைகளை விடுமுறையில் பேருந்தில் கூட்டிப்போங்கள். அன்னை மரியாள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நான் பொறுப்பேற்கிறேன்.

நான்காவது, வீட்டில் ஒரு நேரமும் ஓர் இடமும். தனி அறை எல்லாருக்கும் இயலாது என்பது எனக்குத் தெரியும். ஒரு பாயும் ஒரு விளக்கும் போதும். மாலை ஏழு மணி முதல் எட்டரை வரை தொலைக்காட்சியை நிறுத்துங்கள். கைப்பேசியைப் பிள்ளை கையிலிருந்து வாங்குவதற்கு முன் உங்கள் கையிலிருந்து கீழே வையுங்கள். தாய் தொடர்நாடகத்தில் கண்ணீர் விட்டுக்கொண்டே “படி, படி” என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? தந்தையர்களுக்கும் ஒரு சொல். நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூரார் எதை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குடித்துவிட்டு வரும் தந்தையின் காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் தலையில் ஏறாது. எந்த வாரியத்தின் பாடத்திட்டமும் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது. சம்பளத்தில் பாதியை டியூஷனுக்குக் கொடுப்பதைவிட, மாலையில் தெளிந்த தலையோடு வீட்டுக்கு வருவது பெரிய உதவி.

ஐந்தாவது, பள்ளியோடு தொடர்பு. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட மட்டும் பெற்றோர் என்று எண்ணாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் அமைய வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களாகவும், குழுவில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளிகளில் இக்குழு ஆலோசனை சொல்லும் குழு. இருந்தாலும் சொல்லலாம் அல்லவா? கூட்டத்துக்குப் போங்கள். சண்டை போடப் போகாதீர்கள். கேட்கப் போங்கள். “என் பிள்ளைக்கு எந்தப் பாடத்தில் எந்த இடம் வரவில்லை? வீட்டில் நான் என்ன செய்யலாம்?” இந்த இரண்டு கேள்வி போதும். ஆசிரியர்களும் புதிய புத்தகத்தோடு போராடியவர்கள்தான். அவர்களை வீட்டில் பிள்ளைகள் முன் இழிவாகப் பேச வேண்டாம்.

படித்த பெற்றோருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சி.பி.எஸ்.இ. மாதிரி வினாத்தாள்களை மதிப்பெண் வழங்கும் முறையோடு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவற்றை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுங்கள். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் நம் நகரத்திலேயே இருக்கிறது. மாதம் ஒரு முறையாவது பிள்ளையை அங்கே அழைத்துப் போக என்ன செலவாகும்?

இனி நான் சொல்லப்போவது எனக்கே கசப்பானது. ஆனாலும் ஜூபிலி ஆண்டில் சொல்லாமல் விட மனமில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த ஞாயிறன்று, திருப்பலி முடிவில் நம் பங்குப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பீடத்திலிருந்து வாசித்தேன். முதல் மதிப்பெண் பெற்ற மாணவிக்குக் கைதட்டச் சொன்னேன். ஊக்கம் ஊட்டுவதாக எண்ணிக்கொண்டேன். கடைசி வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பாடகர் குழுவில் தபேலா வாசிப்பவன். கணக்கில் தவறிவிட்டான். அவன் பெயரை நான் வாசிக்கவில்லை. வாசிக்காததே போதுமானதாயிற்று. எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தபோது வெளியூரில் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். சில வாரங்களில் துணைத் தேர்வு எழுதியிருக்கலாம். யாரும் அவனுக்கு அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மதிப்பெண் வாசிக்கத் தெரிந்த எனக்கு, மறுதேர்வுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அவனை ஒரு பேருந்து நிலையத்தில் கண்டேன். மணமாகி இரண்டு பிள்ளைகள். என்னை அடையாளம் கண்டு வந்து வணங்கினான். நான் மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு சாமி” என்று சிரித்தான். பேருந்து ஏறும்போது, “பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான் சாமி, கணக்கு வரல, ஆனா நான் ஒண்ணும் சொல்றதில்லை” என்றான். அந்தக் கடைசி வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு ஈட்டினான். தொகையைப் பார்த்தால் ஒருவனிடம் பத்து, மற்றவனிடம் நான்கு. ஆனால் தலைவர் இருவரையும் ஒரே சொற்களால்தான் பாராட்டுகிறார். மத்தேயு நற்செய்தி இருபத்தைந்தாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒரு எழுத்து வேற்றுமை இல்லை. தண்டனை பெற்றவன் குறைவாகப் பெற்றவன் என்பதற்காக அல்ல, பயந்துபோய்ப் புதைத்துவிட்டதற்காக. அன்புப் பெற்றோர்களே, நம் பிள்ளைகளைப் பயமுறுத்திப் புதைக்க வைக்காதீர்கள். “மாமா பையனைப் பார், எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்” என்று சொல்லாதீர்கள். சென்ற மாதத்து உன் மகனையும் இந்த மாதத்து உன் மகனையும் ஒப்பிட்டுப் பார். அந்த ஒப்பீடு ஒன்றுதான் நீதியானது.

தேர்வில் தவறுவது பாவமல்ல. அதற்கு வழியும் இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2026-ஆம் ஆண்டு முதல் பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு பொதுத் தேர்வு என்ற முறையைக் கொண்டுவந்தது. முதல் தேர்வைக் கட்டாயம் எழுத வேண்டும். மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோர் மூன்று பாடங்கள் வரை இரண்டாம் தேர்வை எழுதலாம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலும் தவறியவர்களுக்குத் துணைத் தேர்வு உண்டு. ஓராண்டு வீணாகிவிட்டதே என்று பிள்ளை எங்கோ ஓடிப்போக வேண்டிய காலம் போய்விட்டது. முடிவு வரும் நாளன்று வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் இருங்கள். நல்ல முடிவானால் சேர்ந்து மகிழுங்கள். கெட்ட முடிவானால் முதலில் சோறு போடுங்கள். அன்று இரவு ஒன்றும் பேச வேண்டாம். மறுநாள் காலை பிள்ளையோடு பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்குங்கள்.

நம் முன்னோர் எளிதில் கல்வியை அடையவில்லை. 1844-ஆம் ஆண்டில் நம் புதுச்சேரியில் கூடிய திருச்சபைச் சங்கம் கல்விக்குப் பெரும் முக்கியத்துவம் கொடுத்தது. பெத்தி செமினார் பள்ளி தோன்றியதும் அதே ஆண்டில்தான். பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட அந்தக் காலத்தில், பெண் குழந்தைகளுக்குக் கல்வி கொடுப்பதற்கென்றே தந்தை துய்புயி அதே ஆண்டில் ஒரு கன்னியர் சபையை இங்கே தொடங்கினார். எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் துணிந்து தங்கள் மகளைப் பள்ளிக்கு அனுப்பிய முதல் பெற்றோர் சிலர் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவர்களுக்கும் பாடநூலில் உள்ளது எதுவும் தெரிந்திருக்காது. அனுப்பினார்கள், காத்திருந்தார்கள், திரும்பி வந்த பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்டார்கள். அவ்வளவுதான். நம் பங்கின் இத்தனை ஆசிரியைகளும் செவிலியர்களும் அந்த விதையிலிருந்து வந்தவர்கள்.

இனிச் செயலுக்கு வருவோம். பங்குப் பேரவையோடு கலந்து இரண்டு முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒன்று, வரும் திங்கள் முதல் வார நாட்களில் மாலை ஆறு மணி முதல் எட்டரை வரை இந்த மன்றம் படிக்க விரும்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கும். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நால்வரும், நம் இளைஞர் மன்றத்துக் கல்லூரி மாணவர்களும் முறை வைத்து இருப்பார்கள். வீட்டில் இடமில்லாதவர்கள், மாலையில் வீட்டில் அமைதியில்லாதவர்கள் தயங்காமல் அனுப்புங்கள். காரணம் கேட்க மாட்டோம். மின்விசிறிக்கும் விளக்குக்கும் ஆகும் செலவு ஜூபிலி நிதியிலிருந்து போகும். கொடிமரத்துக்குச் செய்த செலவைவிட இது குறைவுதான்.

இரண்டாவது, இனிமேல் இந்தப் பீடத்திலிருந்து மதிப்பெண் வாசிக்கப்படாது. தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளுக்காகவும் ஒரே மன்றாட்டு. தேறியவரும் தவறியவரும் ஒன்றாக வந்து நிற்பார்கள். தவறியவர்களுக்கு அடுத்த வாரமே மறுதேர்வு விண்ணப்பம் எழுத நானே இந்த மன்றத்தில் மேசை போட்டு உட்காருவேன். பழைய ஏற்பாட்டில் ஜூபிலி ஆண்டு என்றால் கடன் தீர்க்கும் ஆண்டு, விலகிப் போனவர் வீடு திரும்பும் ஆண்டு. எனக்கு ஒரு கடன் இருக்கிறது. அதை இந்த வழியில் சிறிதாவது தீர்த்துக்கொள்ள எனக்கு உதவி செய்யுங்கள்.

நிறைவாக, விடைத்தாளோடு வந்த அந்தத் தாய்க்கு. அம்மா, உங்கள் மகன் பாடத்தின் பொருளை அவனுடைய ஆசிரியர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது, அவன் உங்களிடம் வந்து உட்கார்ந்து, “அம்மா, இன்னைக்கு ஒண்ணு படிச்சேன்” என்று சொல்லப் பயப்படாமல் இருக்கிறானா என்பதை. அது இருந்தால் மற்றவை பின்னால் வரும்.

உங்கள் இல்லங்களையும், பள்ளி செல்லும் உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் எல்லாம் வல்ல இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.